வெர்மான்ட்டில் பள்ளிக்கூடத்தை நடத்துவது யார்?

அமெரிக்காவில் வீடு தேடும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் சொல் ஒன்று உண்டு: ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதைத் தமிழில் ‘பள்ளி மாவட்டம்’ என்று எழுதுகிறோம். எழுதிய மாத்திரத்தில் ஒரு கலெக்டரும், அவருக்குக் கீழே ஒரு முதன்மைக் கல்வி அலுவலரும், அவருக்கும் மேலே சென்னையில் ஒரு துறையும் நம் மனத்தில் வந்து அமர்ந்துவிடுகின்றனர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கப் பள்ளி மாவட்டம் பெரும்பாலும் எந்தத் துறையின் கிளையும் அன்று. அதற்கென்று எல்லை, தேர்தல், வரவு செலவுத் திட்டம், கடன் வாங்கும் அதிகாரம் ஆகியவை தனியாக இருக்கின்றன. சுருங்கச் சொன்னால், பள்ளி நடத்துவது என்ற ஒரே வேலைக்காக ஏற்பட்ட குட்டி அரசாங்கம் அது. அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை எண்ணும் ஏறத்தாழ 90,000 உள்ளாட்சி அமைப்புகளில் 12,000க்கும் மேற்பட்டவை இத்தகைய தனித்த பள்ளி மாவட்டங்களே.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு மாறும் என்பதால், பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஒரே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 6,43,077 பேர் வசிக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் கிராமப்புறத்தினர், ஐம்பது மாநிலங்களிலும் இதுவே மிக உயர்ந்த விகிதம். தலைநகரான மான்ட்பீலியரில் எட்டாயிரம் பேர்தான். இவ்வளவு சிறிய மாநிலத்தில் பள்ளி நிர்வாகம் எளிமையாக இருக்கும் என்று எவரும் நினைப்பர். உண்மையில் அங்கே பள்ளிக்காகக் கை தூக்கும் இடம் ஒன்று, பணம் புறப்படும் இடம் வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில் ‘டவுன்’ என்ற சொல். நம் பேச்சில் டவுன் என்றால் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் இருக்கும் இடம். ‘டவுனுக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று கிராமத்திலிருந்து கிளம்புவோம். வெர்மான்ட்டில் அந்தக் கிராமமே டவுன்தான். வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த, பெரும்பாலும் பக்கத்துக்கு ஏறத்தாழ ஆறு மைல் கொண்ட சதுரமான ஒரு நிலப்பரப்புக்கு அந்தப் பெயர்; அதற்குள் காடு, மலை, பால் பண்ணை, நூறு வீடுகள், ஒரு வெள்ளைத் தேவாலயம் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படி ஏறத்தாழ 250 டவுன்களும் நகரங்களும் மாநிலம் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்து நில அளவையர்கள் கோடு போட்டபோது எந்த டவுனிலும் சேராமல் விடுபட்ட துண்டு நிலங்களுக்கு ‘கோர்’ என்று பெயர். அவற்றில் சில இன்றும் அப்படியே இருக்கின்றன. ஆட்கள் குறைந்துபோய் டவுன் அந்தஸ்தையே இழந்த ஊர்களும் உண்டு. கிளாஸ்டன்பரி, சாமர்செட் ஆகிய இரண்டின் நிர்வாகத்தையும் 1937இல் சட்டமன்றம் கலைத்துவிட்டது. கிளாஸ்டன்பரியில் 2020இல் எண்ணப்பட்டவர்கள் ஒன்பது பேர். அத்தகைய இடங்களை ஆளுநர் நியமிக்கும் மேற்பார்வையாளர் கவனித்துக்கொள்கிறார்.

டவுனுக்கு மேலே ‘கவுண்ட்டி’ என்ற அடுக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கிலும் மேற்கிலும் சாலை, சிறை, மருத்துவமனை என்று பலவற்றையும் நடத்தும் வலுவான அமைப்பு அது. வெர்மான்ட்டிலோ பதினான்கு கவுண்ட்டிகள் பெயருக்குத்தான் இருக்கின்றன என்று சொன்னால் அதிகப்படியாகாது. நீதிமன்றக் கட்டடம், ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், சட்டம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இரண்டு துணை நீதிபதிகள், அவ்வளவே. பள்ளிக்கும் கவுண்ட்டிக்கும் அங்கே தொடர்பு கிடையாது. எனவே இந்த அடுக்கை இங்கேயே விட்டுவிடலாம்.

டவுனை நடத்துவது மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட ‘செலக்ட்போர்டு’. இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆவணங்களைக் காப்பவர் டவுன் கிளார்க். சொத்துகளுக்கு மதிப்புப் போடுபவர் லிஸ்டர். அவர் தயாரிக்கும் மதிப்புப் பட்டியலுக்குக் ‘கிராண்ட் லிஸ்ட்’ என்று பெயர், அது பின்னால் நமக்குத் தேவைப்படும். வேலித் தகராறுகளைத் தீர்க்க மூன்று ‘வேலிப் பார்வையாளர்களை’ நியமிக்கும் வழக்கமும் இன்றுவரை சட்டத்தில் இருக்கிறது. டவுனின் பணத்தில் பெரும்பகுதியைத் தின்பது சாலை. மாநிலத்தின் சாலைகளில் பாதிக்கும் மேல் மண்ணும் சரளையுமானவை. குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும், பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கும் சேற்றைச் சமாளிக்க வேண்டும். ஆகவே சாலைப் பணிகளுக்குத் தலைமை தாங்கும் மேஸ்திரி, ஊரில் செலக்ட்போர்டு உறுப்பினரைவிட அதிகமாகத் திட்டு வாங்குபவராக இருப்பதில் வியப்பில்லை.

இவ்வளவு செய்தாலும், டவுனுக்கு இயல்பாக வரும் அதிகாரம் என்று எதுவும் கிடையாது. மாநிலச் சட்டமன்றம் எதைக் கொடுத்ததோ அதை மட்டுமே அது செய்யலாம். தன் சாசனத்தில் ஒரு வரியைத் திருத்துவதற்கும் மான்ட்பீலியரின் ஒப்புதல் வேண்டும். மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான பர்லிங்டனை ஒட்டியிருக்கும் வினூஸ்கி என்ற சிறு நகரம், குடியுரிமை பெறாமல் சட்டப்படி வசிப்பவர்களும் தன் நகரத் தேர்தலிலும் பள்ளித் தேர்தலிலும் வாக்களிக்கலாம் என்று முடிவு செய்தபோது, சட்டமன்றம் 2021இல் ஆளுநரின் மறுப்பை மீறி அதை நிறைவேற்றிய பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. விசாவிலோ பச்சை அட்டையிலோ இருக்கும் பெற்றோருக்கு இது சிறிய செய்தியன்று.

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அங்கே ‘டவுன் மீட்டிங்’ நாள். மாநில விடுமுறை. அன்று டவுனின் வாக்காளர்களே சட்டமன்றம். கூட்டத்துக்கு முப்பது நாளுக்குக் குறையாமலும் நாற்பது நாளுக்கு மிகாமலும் முன்கூட்டியே ஓர் அறிவிப்பை ஒட்ட வேண்டும். அதற்கு ‘வார்னிங்’ என்று பெயர். எச்சரிக்கை என்ற பொருளில் அன்று, முறையான அழைப்பு என்ற பழைய பொருளில். அந்த அறிவிப்பில் எண் போட்டு வரிசையாகத் தீர்மானங்கள் இருக்கும்: புதிய பனி தள்ளும் லாரி வாங்கலாமா, நூலகத்துக்கு எவ்வளவு, தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு எவ்வளவு என்று. அறிவிப்பில் இல்லாத விஷயத்தில் கூட்டம் எடுக்கும் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. வாக்காளர்களில் ஐந்து சதவீதத்தினர் கையெழுத்திட்டுக் கேட்டால் ஒரு தீர்மானத்தை அதில் சேர்க்க முடியும்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, ‘மாடரேட்டர்’ என்று அழைக்கப்படும் நெறியாளர் முன்னால் நிற்பார். அவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். யார் பேசினாலும் அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பாயக் கூடாது. லாரிக்கு ஒதுக்கிய தொகையில் இருபதாயிரம் டாலரைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் எழுந்து திருத்தம் முன்மொழியலாம். இன்னொருவர் அதை வழிமொழிந்தால் விவாதம். பிறகு வாய்மொழியாக ‘ஆய்’ (ஆம்), ‘நே’ (இல்லை) என்று குரல் வாக்கெடுப்பு. குரலில் தெளிவில்லை என்றால் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவது. ஏழு பேர் கேட்டுவிட்டால் காகிதச் சீட்டில் ரகசிய வாக்கு. நண்பகலில் கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஊரார் கொண்டுவந்த சூப்பும் ‘பை’ என்ற பழ அடையும் சாப்பிட்டுவிட்டு மறுபடி தொடங்குவார்கள். சென்ற சில பத்தாண்டுகளில் பல டவுன்கள் இந்த நேர்விவாதத்தை விட்டுவிட்டு, அச்சிட்ட வாக்குச்சீட்டில் நாள் முழுவதும் வாக்களிக்கும் முறைக்கு மாறியிருக்கின்றன. அதற்கு அங்கே ‘ஆஸ்திரேலியன் பேலட்’ என்று பெயர். ரகசிய வாக்குச்சீட்டு 1856இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் பிறந்ததால் வந்த பெயர். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் சீட்டில் ஆம், இல்லை என்ற இரண்டுதான் உண்டு. இருபதாயிரத்தைக் குறை என்று சீட்டில் எழுத முடியாது. இந்த இழப்பு சிறியதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பள்ளி. 1777இல் எழுதப்பட்ட வெர்மான்ட்டின் முதல் அரசமைப்பே ஒவ்வொரு டவுனிலும் பள்ளி வேண்டும் என்று சொன்னது. நடைமுறையில் டவுனுக்குள்ளேயே குழந்தைகள் நடந்து போகக்கூடிய தொலைவுக்கு ஒன்றாக ஓரறைப் பள்ளிகள் எழுந்தன. ஒவ்வோர் ஓரறைப் பள்ளியும் ஒரு தனிப் பள்ளி மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய மாவட்டங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. 1892இல் சட்டமன்றம் அவற்றை ஒழித்து, ஒரு டவுனுக்கு ஒரு பள்ளி மாவட்டம் என்று ஆக்கியது. ஆகவே ‘ஊரின் கையிலிருந்து பள்ளியைப் பறிக்கிறார்கள்’ என்ற முழக்கம் இன்று புதிதாக எழுந்ததன்று. குறைந்தது நூற்று முப்பது ஆண்டுப் பழக்கம் அதற்கு உண்டு.

எல்லைக்கோடு ஒன்றாக இருந்தாலும் டவுனும் பள்ளி மாவட்டமும் சட்டப்படி இரு வேறு அமைப்புகள். பள்ளி மாவட்டத்துக்குத் தனி வாரியம், தனி வரவு செலவு. டவுன் செலக்ட்போர்டு, பள்ளி வாரியத்தைப் பார்த்து ‘உங்கள் ஆசிரியர் எண்ணிக்கையைக் குறையுங்கள்’ என்று உத்தரவிட முடியாது. அறுபது பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குத் தனியாகக் கண்காணிப்பாளரையும் கணக்கரையும் நியமிப்பது கட்டுப்படியாகாது என்பதால், பல பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து ஒரு ‘மேற்பார்வை ஒன்றியம்’ வைத்துக்கொள்கின்றன. கண்காணிப்பாளர், சிறப்புக் கல்வி, பேருந்து, கணக்கு ஆகியவற்றை ஒன்றியம் பார்த்துக்கொள்ளும். ஒரே கண்காணிப்பாளர் மாதத்தில் அரை டஜன் வாரியக் கூட்டங்களுக்கு இரவில் கார் ஓட்டிக்கொண்டு போவது இதன் விளைவு.

பள்ளியே இல்லாத டவுன்களும் இருக்கின்றன. அவை தம் பிள்ளைகளுக்கான கட்டணத்தை வேறிடத்தில் கட்டிவிடும். 1869 முதலே நடப்பில் இருக்கும் இந்த ஏற்பாட்டின்படி, பெற்றோர் அண்டை டவுனின் அரசுப் பள்ளியையோ, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியையோ தேர்ந்தெடுக்கலாம். செயின்ட் ஜான்ஸ்பரி அகாடமி, தெட்ஃபோர்ட் அகாடமி போன்ற பழைய பள்ளிகள் பெயரளவில் தனியாராக இருந்தாலும், சுற்றுவட்டார டவுன்களின் உயர்நிலைப் பள்ளிகளாகவே செயல்பட்டுவருகின்றன. மாநில எல்லையையே தாண்டிய மாவட்டமும் ஒன்று உண்டு: வெர்மான்ட்டின் நார்விச்சும், கனெக்டிகட் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹானோவரும் சேர்ந்து 1963இல் அமைத்த டிரெஸ்டன் மாவட்டம், இரு மாநிலங்களுக்குப் பொதுவாக அமைந்த முதல் பள்ளி மாவட்டம்.

இனிப் பணம். 1997 வரை ஒவ்வொரு டவுனும் தன் சொத்து வரியைக் கொண்டே பள்ளியைப் பெரும்பாலும் நடத்தியது. பனிச்சறுக்கு விடுதிகளும் கோடைகால மாளிகைகளும் நிறைந்த டவுனில் மிகக் குறைந்த வரி விகிதமே பெரும் தொகையைத் தந்தது. பால் பண்ணைகள் மட்டுமே இருந்த டவுனில் எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் போதவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் பிரிகம் வழக்கில் இந்த முறை அரசமைப்புக்கு முரணானது, பிள்ளை எந்த டவுனில் பிறந்தது என்பதைப் பொறுத்துக் கல்வி வாய்ப்பு மாறக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சில மாதங்களுக்குள் ‘ஆக்ட் 60’ என்ற சட்டம் வந்தது. பள்ளிக்கான சொத்து வரி மாநிலத்துக்குப் பொதுவானதாயிற்று. வசதியான டவுன்களின் வரிப்பணம் பொதுத் தொகுப்புக்குப் போயிற்று. ‘தங்க டவுன்கள்’ என்று பெயர் வாங்கிய அந்த ஊர்கள் கொதித்துப்போயின. பனிச்சறுக்குக்குப் பேர்போன கில்லிங்டன், 2004 மார்ச் கூட்டத்தில், வெர்மான்ட்டை விட்டு விலகி நியூ ஹாம்ப்ஷயருடன் சேர்வதற்கே வாக்களித்தது. நடுவில் வேறு டவுன்கள் கிடக்க, எல்லையிலேயே இல்லாத ஓர் ஊர் எப்படி அடுத்த மாநிலத்தில் சேரும் என்ற கேள்வி அன்று அவர்களைத் தடுக்கவில்லை. இரு மாநிலச் சட்டமன்றங்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததால், எதுவும் நடக்கவில்லை.

இந்த முறையில் ஒரு வீட்டின் வரி எப்படி உருவாகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். நடைமுறையில் இன்னும் சில திருத்தங்கள் சேரும், ஆனால் எலும்புக்கூடு இதுதான். பள்ளி மாவட்டம் ஒரு மாணவருக்கு 15,000 டாலர் செலவாகும் திட்டத்துக்கு வாக்காளரிடம் ஒப்புதல் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் தலையெண்ணிக்கையும் நேரடியானதன்று. வறுமையிலிருக்கும் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, ஆள் நடமாட்டம் குறைந்த ஊரின் பிள்ளை ஆகியோர் ஒன்றுக்கும் கூடுதலாக எடையிட்டு எண்ணப்படுவர். நூறு டாலர் சொத்து மதிப்புக்கு ஒரு டாலர் வரி என்ற விகிதத்தில் மாணவர் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சட்டமன்றம் ஆண்டுதோறும் ஓர் எண்ணாக அறிவிக்கும். அது 10,000 டாலர் என்றால், 15,000ஐ அதனால் வகுத்து, நூறு டாலருக்கு 1.50 டாலர் என்று வரி விகிதம் வரும். அதாவது, மாணவருக்கு ஒரே தொகையைச் செலவிடும் இரண்டு மாவட்டங்கள், ஒன்று பணக்கார ஊராகவும் மற்றொன்று ஏழை ஊராகவும் இருந்தாலும், ஒரே விகிதத்தில்தான் தொடங்கும். பிரிகம் தீர்ப்பின் உயிர் இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது.

கதை அத்துடன் முடிவதில்லை. லிஸ்டர் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட மதிப்பும் இன்றைய சந்தை விலையும் ஒன்றாக இருக்காது. கிராண்ட் லிஸ்ட்டின் மதிப்பு சந்தை விலையில் எத்தனை சதவீதம் என்று மாநில வரித்துறை டவுன்தோறும் கணக்கிடும். அது 75 சதவீதம் என்றால், 1.50ஐ 0.75ஆல் வகுத்து 2 டாலர் ஆக்கிவிடுவார்கள். பட்டியலில் இரண்டு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 4,000 டாலர் வரி. பள்ளி வாரியம் ஒரு காசும் கூட்டாத ஆண்டிலும், ஊரில் வீட்டு விலை ஏறி அந்தச் சதவீதம் சரிந்தால் விகிதம் எகிறும். கூட்டத்தில் நெறியாளரைப் பார்த்துக் கத்துபவருக்கும் பெரும்பாலும் புரியாமல் இருப்பது இந்த இடம்தான். உண்மையில் சொந்த வீட்டில் குடியிருப்போரில் பெரும்பாலோர் வருமானத்தைப் பொறுத்துத் தள்ளுபடியும் பெறுகிறார்கள். கடைகளுக்கும் விடுமுறை வீடுகளுக்கும் உள்ள விகிதமோ ஊரின் பள்ளிச் செலவோடு சம்பந்தமில்லாமல், மாநிலம் முழுவதற்கும் ஒன்றாகவே தொடங்குகிறது. விற்பனை வரியும் லாட்டரி வருமானமும் அதே கல்வி நிதியில் வந்து சேர்கின்றன.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் இப்போது தெரிந்திருக்கும். என் ஊர் தன் பள்ளிக்குக் கூடுதலாகச் செலவிட வாக்களித்தால் சுமை ஓரளவு என் மீது விழுகிறது. மற்ற எல்லா ஊர்களும் சேர்ந்து கூடுதலாகச் செலவிட்டால், நான் கட்டுச்செட்டாக இருந்தாலும் சட்டமன்றம் அறிவிக்கும் அந்தப் பொது எண் மாறி என் வரி உயர்கிறது. பொதுப் பந்தியில் அவரவர் இலைக்கு அவரவரே பரிமாறிக்கொண்டு, செலவை எல்லோருமாகப் பங்கிட்டால் எப்படியோ அப்படி.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதும் நெருக்கடியை ஏற்றியது. 1990களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் தொகை இன்று 85,000க்கும் கீழே. 2015இல் ஆளுநர் பீட்டர் ஷம்லின் கையெழுத்திட்ட ‘ஆக்ட் 46’, குறைந்தது 900 மாணவர்களாவது உள்ள மாவட்டங்களாக இணையுமாறு வரிச்சலுகை காட்டி அழைத்தது. இணங்காதவற்றில் பலவற்றை மாநிலக் கல்வி வாரியம் 2018இல் தானே இணைத்துவிட்டது. 270க்கும் மேல் இருந்த மாவட்டங்கள் சுமார் 120 ஆகச் சுருங்கின. இணைந்த மாவட்டத்தில் சிறிய ஊரின் பள்ளியை மூடும் பேச்சு எழுவது இயல்பு. மலையூரான ரிப்டன் தன் தொடக்கப் பள்ளியைக் காக்க 2021இல் மாவட்டத்தை விட்டு விலகுவதற்கு வாக்களித்தது; தனியாக ஒரு மாவட்டத்தை நடத்த ஆளும் ஏற்பாடும் கிடைக்காத நிலையில், 2022இல் திரும்பிச் சேர்வதற்கும் அதே ஊர் வாக்களித்தது.

2024 மார்ச்சில் பள்ளி வரவு செலவுத் திட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அவ்வாண்டு சொத்து வரி சராசரியாக 13.8 சதவீதம் உயர்ந்தது. திட்டம் தோற்றால் வாரியம் தொகையைக் குறைத்து மறுபடி வாக்குக்கு விட வேண்டும். ஜூலை 1க்குள்ளும் தேறாவிட்டால், முந்தைய திட்டத்தில் 87 சதவீதம் வரை கடன் வாங்கிப் பள்ளியை ஓட்டச் சட்டம் இடம் தருகிறது.

அந்தக் கோபத்தின் தொடர்ச்சிதான் ஆளுநர் ஃபில் ஸ்காட் 2025 ஜூலை 1 அன்று கையெழுத்திட்ட ‘ஆக்ட் 73’. 4,000 முதல் 8,000 மாணவர்கள் கொண்ட பெரிய மாவட்டங்கள், மாணவர் ஒருவருக்கு மாநிலமே நிர்ணயித்து அனுப்பும் தொகை ஆகிய இரண்டும் அதன் நோக்கம். புதிய எல்லைகள் முடிவானால் 2028 ஜூலையில் அந்தத் தொகைமுறை தொடங்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. அது அப்படியே நடைமுறைக்கு வந்தால், பள்ளியின் மொத்தச் செலவுக்கும் ஒப்புதல் கேட்கும் தீர்மானம் வார்னிங்கிலிருந்து மறைந்து, அதன் இடத்தில் சிறியதொரு கூடுதல் தொகைக்கான கேள்வி மட்டுமே மிஞ்சும். லாரிக்கான தீர்மானம் வழக்கம்போல மார்ச் முதல் செவ்வாயன்று வரும்.